கார் ரேடியோவின் ரகசிய எண்

நம் சங்க அங்கத்தினருள் ஒருவர், வாழை சாகுபடி செய்பவர், சென்ற ஆண்டு பழைய மோட்டார் கார் ஒன்றை விலைக்கு வாங்கினார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் தயாரிப்பாகிய அவ்வண்டி நல்ல நிலையிலேயே இருந்தது. ஆறு மாதங் கழித்து அதன் பாட்டரி வலுவிழந்தது. பட்டறையில் புதிய பாட்டரியை வைத்துக் கொடுத்தார்கள். என்ஜின் உடனே கிளம்பிற்று, விளக்குகள் எரிந்தன, ரேடியோ மட்டும் பேச மறுத்தது. அதன் சிறு கண்ணாடியில் நிலையம் எதுவும் தெரியவில்லை. ரகசிய எண்ணைக் கேட்கும் அறிவிப்பு ஒன்றே தெரிந்தது.

"எண்ணா? வண்டியை விற்றவர் எந்த எண்ணையும் எனக்குச் சொல்லவில்லையே!" என்று அவர் திகைத்தார். பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை அழுத்திப் பார்த்தார். பின்னர் மகள் பிறந்த ஆண்டை அழுத்தினார். அதற்குமேல் ரேடியோ எந்தப் பொத்தானுக்கும் இணங்கவில்லை.

பட்டறை வாயிலில் நின்றிருந்த ஒருவர், "கழற்றிக் கொடுங்கள், நாளைக் காலையில் திறந்து தருகிறேன். காகிதம் எதுவும் வேண்டாம்" என்றாராம். மகிழ்ச்சி தோன்ற வேண்டிய இடத்தில் நம் அங்கத்தினருக்கு ஐயம் தோன்றிற்று. என்னிடம் வந்து அவர் கேட்டதாவது: "காகிதம் கேளாமல் என் ரேடியோவைத் திறந்து தருகிறவர், ஒரு திருடன் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவ்வாறே திறந்து தருவாரல்லவா? அப்படியானால் இந்தப் பூட்டு யாருக்காகப் போடப்பட்டது?"

நியாயமான கேள்வி. இப்பொழுது நம்மவர் பலர் பழைய கார்களையும் வான் வண்டிகளையும் வாங்குகின்றனர். ரகசிய எண் கேட்கும் ரேடியோக்கள் நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளிலும் உண்டு. ஆகவே இப்பூட்டு ஏன் தோன்றியது, எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே வலுக் குன்றுகிறது, உண்மையான சொந்தக்காரர் அதை எவ்வாறு திறந்துகொள்வது என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

பூட்டு தோன்றிய காரணம்

காரில் ரேடியோ வைப்பது ஒரு காலத்தில் பெருஞ் செல்வர்க்கே இயன்ற காரியம். அமெரிக்காவில் சிக்காகோ நகரிலிருந்த பால் கால்வின் என்பவரின் கம்பெனி 1930-ல் "மோட்டரோலா" என்னும் பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 110 முதல் 130 டாலர் வரை. அக்காலத்தில் போர்டு கம்பெனியின் நேர்த்தியான கார் ஒன்றே சுமார் 540 டாலருக்குக் கிடைத்தது. ஐரோப்பாவில் 1932-ல் ஜெர்மானியரின் "பிளாபுங்க்ட்" ரேடியோ வெளிவந்தது. அதன் எடை ஏறத்தாழ 15 கிலோ. விலை 465 மார்க்கு. காரோட்டி அமர்ந்த இடத்திலிருந்து நிலையத்தை மாற்றுவதற்காக, ஸ்டியரிங் தண்டில் ஒரு விசையைப் பொருத்தி, அங்கிருந்து பெட்டிக்குக் கம்பி இழுத்திருந்தார்கள். அவ்வளவு கனத்த பெட்டியைத் திருடிச் செல்லுதல் எளிதன்று.

1955-ல் அமெரிக்காவில் வால்வுகளை நீக்கி டிரான்சிஸ்டர்களை மட்டுமே கொண்ட கார் ரேடியோ வந்தது. அதன் பிறகு பெட்டி சிறுத்தது, எடை குறைந்தது. காசெட், ஸ்டீரியோ முதலியவை சேர்ந்தபோது விலை மட்டும் குறையவில்லை. சிறிய உருவம், பெரிய விலை என்னும் இரண்டும் கூடிய பொருள் திருடர் கண்ணுக்கு உகந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மேலும் ஒரு காரணம் சேர்ந்தது. எந்தக் கம்பெனியின் ரேடியோவும் எந்தக் காரிலும் பொருந்த வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன் ஜெர்மானியர் ஓர் அளவை வகுத்தனர். முகப்பு சுமார் 18 செண்டிமீட்டர் அகலமும் 5 செண்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்பது அந்த அளவு. 1984-ல் அதுவே சர்வதேச அளவாகவும் ஏற்கப்பட்டது. பல ரேடியோக்களில், முகப்பின் துளைகளில் இரண்டு வளைந்த கம்பிகளைச் செருகி இழுத்தால் பெட்டி முழுதும் வெளியே வந்துவிடும். பழுது பார்ப்பவர்க்கு இது பெரிய வசதி. ஆனால் அதே கம்பி திருடனிடமும் இருந்தது. ஒரு காரிலிருந்து எடுத்த ரேடியோவை இன்னொரு காரில் மாட்டிக்கொள்ள இயன்றதால், திருட்டுப் பொருளை வாங்குவோரும் பெருகினர்.

1980-களில் நியூயார்க் நகரில் நிலைமை எவ்வளவு முற்றியது என்பதற்கு ஒரு சான்று போதும். "இவ்வண்டியில் ரேடியோ இல்லை" என்று அட்டையில் எழுதிக் கார்க் கண்ணாடியில் வைப்பது அங்கே வழக்கமாயிற்று. தாம் விரும்பி வாங்கிய பொருள் தம்மிடம் இல்லை என்று அந்நகரத்தார் திருடருக்கு அறிவித்துக்கொள்ள நேர்ந்தது. சிலர் கைப்பிடி வைத்த ரேடியோவை வாங்கி, காரை நிறுத்தும்போதெல்லாம் அதைக் கழற்றிக் கையில் தூக்கிச் சென்றனர். வேறு சிலர் முகப்பை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் வகையை வாங்கினர்.

இச்சூழ்நிலையில் கம்பெனிகள் வேறொரு வழியை நாடின. திருடனைத் தடுப்பது அரிது. அவன் திருடிய பொருளைப் பயனற்றதாக்குவது எளிது என்று கருதின. ரகசிய எண் பூட்டு இவ்வாறு வந்தது.

பூட்டு வேலை செய்யும் விதம்

கார் ரேடியோவுக்கு மின்சாரம் சாதாரணமாக இரண்டு வழிகளில் வருகிறது. ஒரு கம்பி, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் தரும். மற்றொன்று பாட்டரியிலிருந்து இடையறாது தரும். கடிகாரத்தையும் நாம் தேர்ந்து வைத்த நிலையங்களையும் ரேடியோ ஞாபகத்தில் வைத்திருப்பது இந்த இரண்டாவது கம்பியின் உதவியால்தான்.

ரேடியோவைக் காரிலிருந்து பிடுங்கினால் இவ்விரண்டாவது கம்பி அறுபடும். மறுபடி வேறொரு காரில் மாட்டி மின்சாரம் கொடுத்தவுடன், இடையில் மின்சாரம் அற்றுப்போயிருந்தது என்பதை ரேடியோவின் உள்ளிருக்கும் சிறு கணிப்பொறி உணர்ந்துகொள்ளும். உணர்ந்ததும், "என் எண்ணைச் சொல்" என்று கேட்கும். சரியான எண் கிடைத்தாலன்றி ஒலிக்காது.

மின்சாரம் அற்றபோது எல்லாம் மறந்துபோகும் ரேடியோ, ரகசிய எண்ணை மட்டும் எவ்வாறு ஞாபகம் வைத்திருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். அதற்கென்று உள்ளே எட்டுக் கால்கள் கொண்ட சிறு சிப் ஒன்று பெரும்பாலும் உண்டு. மின்சாரம் இல்லாமலேயே பல்லாண்டுகள் எழுத்தைக் காத்து வைக்கும் நினைவகம் அது. கரும்பலகையில் எழுதியது துடைத்தால் போய்விடும். கல்லில் வெட்டியது நிற்கும். ரேடியோவில் இவ்விருவகை நினைவும் அருகருகே இருக்கின்றன.

இப்பொழுது ஒரு சிக்கல் தெளிவாகும். ரேடியோவைத் திருடன் பிடுங்கினாலும், பட்டறைக்காரர் பாட்டரியைக் கழற்றினாலும், பாட்டரி தானே முழுவதும் தீர்ந்துபோனாலும், இரண்டாவது கம்பியில் மின்சாரம் அற்றது என்ற ஒரே செய்திதான் பழைய வகை ரேடியோவுக்கு எட்டும். கையாண்டவர் கள்வரா, உடையவரா என்று வேறுபடுத்த அதற்குக் கண் இல்லை. ஆகவே இருவரையும் ஒரே கேள்வி கேட்கிறது. நம் அங்கத்தினரின் ரேடியோவும் அதைத்தான் செய்தது. அதில் பழுது எதுவும் இல்லை.

காத்திருத்தலே காவல்

எண் பெரும்பாலும் நான்கு இலக்கம் கொண்டது. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால் என்ன என்று தோன்றலாம். ஓர் எண்ணுக்கு 10 விநாடி என்று வைத்துக்கொண்டால் 10,000 எண்களுக்கும் 1,00,000 விநாடி ஆகும். அதாவது 28 மணி நேரத்துக்கும் குறைவு. பொறுமையுள்ள திருடனுக்கு இரண்டு நாள் வேலை. எனவே நான்கு இலக்க எண் தனியே வலிய பூட்டு ஆகாது.

அதற்கு வலிமை தருவது காத்திருக்க வைக்கும் ஏற்பாடு. வோக்ஸ்வாகன் கார்களின் பல ரேடியோக்கள் இரண்டு முறை தவறினால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரமும் ரேடியோவை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். இக்கணக்குப்படி 10,000 எண்களையும் முயல 5,000 மணி நேரம், அதாவது இரவு பகல் ஓயாமல் 208 நாட்கள் வேண்டும். பாதியில் எண் அகப்பட்டுவிட்டது என்று கொண்டாலும் 100 நாட்களுக்கு மேல் ஆகும். ஹோண்டா கார்கள் பலவற்றில் பத்து முறை வாய்ப்பு உண்டு. பிறகு ஒரு மணி நேரம் காக்க வேண்டும். இன்னும் சில வகைகளில் ஒவ்வொரு தவறுக்கும் காக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். போர்டு கம்பெனியின் சில ரேடியோக்கள் பல தவறுகளுக்குப் பின் முற்றிலும் பூட்டிக்கொண்டு, கம்பெனியாரின் பட்டறைக்குச் சென்றாலன்றித் திறவா.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, ஊகித்து அழுத்துவது சொந்தக்காரருக்கே தீங்காக முடியும் என்பது. நம் அங்கத்தினர் அழுத்திய இரண்டு எண்களால் அவர் ஒரு மணி நேரத்தை இழந்ததோடு போயிற்று. வேறு வகை ரேடியோவாக இருந்து, பொறுமையிழந்து மேலும் பல முறை அழுத்தியிருந்தால் செலவும் வந்திருக்கும்.

பூட்டினால் விளைந்த நன்மை எத்தகையது?

ரகசிய எண் பூட்டு கார்க் கண்ணாடியைக் காக்காது. உள்ளே இருப்பது எண் பூட்டிய ரேடியோ என்று அறியாத திருடன் கண்ணாடியை உடைத்து, ரேடியோவைக் கொண்டுபோய், விற்க முயலும்போதுதான் ஏமாற்றம் அடைவான். அதற்குள் உடையவருக்குக் கண்ணாடியும் போயிற்று, ரேடியோவும் போயிற்று. எனவேதான் கம்பெனிகள் ரேடியோவுடன் கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஓர் ஒட்டுச் சீட்டையும் கொடுத்தன. "இதைத் திருடிப் பயனில்லை" என்று வெளியிலிருந்தே தெரிவிப்பது அதன் வேலை. காரை நிறுத்திய பிறகு முகப்பில் விட்டுவிட்டு மின்னும் சிறு சிவப்பு விளக்கின் கருத்தும் அதுவே.

எனவே இப்பூட்டு ஒரு தனி மனிதரின் பொருளைக் காப்பதைக் காட்டிலும் திருட்டுச் சந்தையைக் குலைப்பதற்கே உதவும். பூட்டிய ரேடியோக்கள் நாட்டில் பெருகப் பெருக, வாங்குவோர் குறைவர். வாங்குவோர் குறைந்தால் திருடுவோருக்கு ஊக்கம் குறையும். ஒருவர் பூட்டினால் அவருக்குச் சிறிது பயன். எல்லாரும் பூட்டினால் எல்லாருக்கும் பயன். கூட்டுறவில் ஈடுபட்ட நமக்கு இத்தத்துவம் புதியதன்று.

ஆனால் இப்பயன் முழுவதும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. பூட்டிய ரேடியோவைக் கேள்வி கேளாமல் திறந்து தருவோர் இருத்தல் ஆகாது. அத்தகையோர் பெருகினால் திருட்டு ரேடியோவுக்கு மறுபடியும் விலை வந்துவிடும்.

பூட்டு வலுக் குன்றியது எங்ஙனம்?

அத்தகையோர் பெருகவே செய்தனர். அதற்கு வழிசெய்த குறைகள் இரண்டு.

முதலாவது, பழைய ரேடியோக்கள் பலவற்றில் ரகசிய எண்ணை அந்த எட்டுக் கால் சிப்பில் மறைக்காமலே எழுதி வைத்திருந்தனர். சிப்பைப் படிக்கும் கருவி விலை மிக்கதாக இருந்தவரையில் இது வெளியே தெரியவில்லை. அக்கருவி மலிவாகிப் பழுது பார்ப்பவர் மேஜைக்கு வந்ததும், ரேடியோவைத் திறந்து சிப்பைப் படித்தால் எண் வெளிப்பட்டது. இரும்புப் பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியை அதன் அடியிலேயே ஒட்டி வைத்தது போன்ற செய்கை இது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. சில கம்பெனிகள் ரகசிய எண்ணைத் தொடர்பின்றிப் பொறுக்கி எடுத்துப் பதிவேட்டில் எழுதி வைக்கவில்லை. ரேடியோவின் வெளிப்புறத்தில் அச்சிட்ட வரிசை எண்ணிலிருந்தே ஒரு கணக்கின் மூலம் அதைத் தருவித்தன. போர்டு ரேடியோக்களில் ஒரு வகைக்கு "வி" என்னும் எழுத்தும் அதன் பின் ஆறு இலக்கங்களும் கொண்ட வரிசை எண் உண்டு. ரெனோ கார் ரேடியோக்களின் சீட்டில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும் இருக்கும். அவ்வளவில் 26,000 வகைக்கு மேல் இருக்க இடமில்லை. இக்கணக்கு கம்பெனிக்குள் இருந்தவரை எல்லாம் நலமே. அது வெளியே கசிந்ததும், வெளிச் சீட்டைப் படிக்கத் தெரிந்த எவரும் ரகசிய எண்ணை அறியலாயிற்று. இக்கணக்கைப் போட்டுத் தரும் கணிப்பொறி ஏற்பாடுகள் இன்று எங்கும் பரவியிருக்கின்றன.

இவ்வாறு நேரும் என்பதை நெடுங்காலத்துக்கு முன்னரே ஒருவர் எச்சரித்திருந்தார். ஆகஸ்ட் கெர்க்ஹாப்ஸ் என்பவர் நெதர்லாந்தில் பிறந்து பிரான்சில் மொழியாசிரியராக விளங்கியவர். இராணுவத்தார் ரகசியச் செய்தி அனுப்பும் முறைகளைப் பற்றி 1883-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு விதியைக் கூறினார். ஒரு பூட்டின் அமைப்பு முழுவதும் பகைவனுக்குத் தெரிந்துவிட்டாலும் தீங்கு நேரக்கூடாது. சாவி ஒன்று மட்டுமே ரகசியமாக இருந்தால் போதும் என்னும்படி பூட்டு அமைய வேண்டும் என்பது அதன் கருத்து. கார் ரேடியோக்களில் நடந்தது இதற்கு மாறானது. அமைப்பு தெரிந்தவுடன் எல்லா ரேடியோக்களின் சாவிகளும் ஒருங்கே தெரிந்துவிட்டன.

முடிவில் யாருக்கு இடையூறு என்று பாருங்கள். கணக்கறிந்த திருடனுக்கு இப்பூட்டு ஒரு நிமிஷத் தடை. சீட்டைத் தொலைத்த சொந்தக்காரருக்கோ நாட்கணக்கான அலைச்சல். கள்வனைக் காட்டிலும் உடையவனை மிகுதியாக வருத்தும் பூட்டு நல்ல பூட்டு ஆகாது. ஆயினும் எண்ணைப் பதிவேட்டில் வைத்து, உடைமையை விசாரித்த பின்பே சொல்லும் கம்பெனிகளும் உண்டு. அங்கே இப்பூட்டின் காவல் வேலை இன்றும் நடைபெறுகிறது.

சொந்தக்காரர் செய்ய வேண்டியவை

ரேடியோ எண் கேட்டு நின்றால் அங்கத்தினர்கள் பின்வரும் முறையைக் கடைப்பிடிப்பது நலம்.

முதற்கண், எந்த எண்ணையும் அழுத்த வேண்டாம். காருடன் வந்த புத்தகங்களைப் பாருங்கள். ரகசிய எண்ணைப் பெரும்பாலும் வங்கி அட்டை அளவுள்ள சிறு அட்டையில் அச்சிட்டு அப்புத்தகங்களுக்கிடையே வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் முன் உடையவர் அதைப் புத்தகத்தின் உள் அட்டையிலோ, டாஷ்போர்டுப் பெட்டியின் உட்பக்கத்திலோ எழுதி ஒட்டியிருப்பதும் உண்டு.

கிடைக்கவில்லையெனில், வண்டியை விற்றவரைக் கேளுங்கள். வாங்கிய சில மாதங்களுக்குள் என்றால் அவர் வீட்டிலேயே அட்டை அகப்படக்கூடும்.

அதுவும் பயன்படாவிடில், ரேடியோவின் வரிசை எண்ணை அறிந்துகொள்ளுங்கள். இது ரகசிய எண் அன்று. பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் உள்ள அடையாள எண். சில வண்டிகளில் ரேடியோவைக் கழற்றாமலேயே இதைக் காணலாம். ஹோண்டா கார்கள் பலவற்றில் 1, 6 என்னும் இரு பொத்தான்களையும் ஒருசேர அழுத்திக்கொண்டு ரேடியோவைப் போட்டால் வரிசை எண் கண்ணாடியில் தோன்றும். மற்ற வண்டிகளில் மெக்கானிக்கைக் கொண்டு முகப்பைச் சேதப்படுத்தாமல் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பிறகு அவ்வரிசை எண், வண்டியின் சேசிஸ் எண், பதிவுச் சான்று, தம்முடைய அடையாளச் சான்று ஆகியவற்றுடன் அக்கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குச் செல்லுங்கள். அவர்கள் கம்பெனியின் பதிவேட்டைப் பார்த்து எண்ணைத் தருவார்கள். இடையில் ரேடியோவை மாற்றியிருந்தால் சேசிஸ் எண்ணும் ரேடியோவின் வரிசை எண்ணும் ஒத்துவராமற் போகலாம். அதனால்தான் இரண்டும் வேண்டும்.

எண் கிடைத்ததும் அவசரமின்றி அழுத்துங்கள். பல ரேடியோக்களில் முதல் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி முதல் இலக்கத்தையும், இரண்டாம் பொத்தானால் இரண்டாம் இலக்கத்தையும் வரவழைக்க வேண்டும். நான்கும் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே முடிவுப் பொத்தானை அழுத்த வேண்டும். ரேடியோ முன்னரே பூட்டிக்கொண்டிருந்தால், அதைப் போட்ட நிலையிலேயே விட்டு, புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருங்கள். அவசரப்பட்டு அணைத்தால் காத்திருத்தல் மறுபடி முதலிலிருந்து தொடங்கக்கூடும்.

பாட்டரி மாற்றுவதற்கு முன்பே எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் மேலானது. இல்லையென்றால், மாற்றும் சில நிமிஷங்களுக்கு வேறொரு சிறு பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஞாபகத்தைக் காக்கும் கருவி நல்ல பட்டறைகளில் இருக்கும், கேட்டுப் பெறலாம். அதைப் பழகாதவர் தாமே கம்பி இணைக்க முற்படுவது ஆபத்து.

புதிய வண்டிகளில்

பின்னர் வந்த கார்களில் ரேடியோ தனியாக நிற்பதில்லை. வண்டியின் மற்ற மின் கருவிகளோடு கம்பி வழியே ஓயாமல் செய்தி பரிமாறிக்கொள்கிறது. பாட்டரியை மாற்றிய பின் ரேடியோ எழுந்ததும், தான் முன்பிருந்த வண்டியில்தான் இருக்கிறதா என்று தானே விசாரித்துக்கொள்ளும். அதே வண்டி என்றால் உடையவரை எதுவும் கேளாது. வேறு வண்டி என்றால் வேலை செய்யாது. திருடனையும் உடையவனையும் ஒன்றாக நடத்திய பழைய குறை இவ்வாறு பெரும்பாலும் தீர்ந்தது. முகப்பு முழுவதும் ஒரே பலகையாகி, ஒரு காரின் ரேடியோ இன்னொரு காரில் பொருந்தாமற் போனதும் திருட்டுக்கு இடையூறாயிற்று. ஆனால் பழுதான ரேடியோவுக்குப் பதிலாக வேறு வண்டியின் பழைய ரேடியோவை வாங்கி மாட்ட விரும்புவோர் கம்பெனியின் உதவியை நாட வேண்டியதாயிற்று. பழைய பொருளை வாங்குமுன் இதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நம் அங்கத்தினருக்கு நேர்ந்தது

பட்டறை வாயிலில் நின்றவரிடம் நம் அங்கத்தினர் ரேடியோவைக் கொடுக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குச் சென்றார். அங்கே பதிவுச் சான்றைக் கேட்டார்கள். கொடுத்தார். "இது உங்கள் பெயரில் இல்லையே!" என்றார்கள்.

உண்மைதான். வண்டி வாங்கி ஆறு மாதமாகியும் அவர் பெயர் மாற்றம் செய்துகொள்ளவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 50-ஆம் பிரிவின்படி, வாங்கியவர் 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பணம் முழுவதும் கொடுத்து வாங்கிய வண்டி, ஆனால் ஏட்டின்படி இன்னும் பிறருடையது. இடையில் விபத்து நேர்ந்திருந்தால் அவரும் வண்டியை விற்றவரும் எத்தனை தொல்லைக்கு உள்ளாகியிருப்பர் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருந்ததாக அவர் பின்னர் கூறினார். முதலில் சிறிது கோபம் வந்ததாம். பிறகு, தாம் என்னிடம் கேட்ட கேள்விக்கு அதுவே விடை என்று தோன்றியதாம்.

பெயர் மாற்றம் முடிந்த பிறகு மீண்டும் சென்றார். எண்ணைக் கொடுத்தார்கள். ரேடியோ பேசிற்று. அந்த எண்ணை இரண்டு இடங்களில் எழுதி, ஒன்றை வீட்டுப் பெட்டியில் பதிவுச் சான்றின் நகலோடு வைத்திருக்கிறார். காருக்குள் வைக்கவில்லை. ரேடியோவோடு எண்ணும் திருட்டுப் போனால் பூட்டினால் என்ன பயன்?

நம் சங்கங்களில் பணப் பெட்டிக்கு இரு சாவி வைத்து இருவரிடம் ஒப்படைக்கிறோம். கடன் கொடுக்குமுன் அங்கத்தினரின் கையொப்பத்தை ஏட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். அறிமுகமானவரிடமும் காகிதம் கேட்கிறோமே என்று சிலர் வருந்துவதுண்டு. அக்கேள்வி அவரை ஐயுறுவதற்காக அன்று. அவர் பெயரைச் சொல்லிப் பிறர் வந்தால் தடுப்பதற்காக. ரேடியோவின் எண்ணும் அத்தகையதே. "இது உம்முடையதா?" என்று கேட்பவர் இருக்கும்வரைதான் அது பூட்டு.

ஆகவே அங்கத்தினர்கள் பழைய வண்டி வாங்கும்போது சாவி, பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுடன், "ரேடியோவுக்கு எண் உண்டா? அட்டை எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். சங்கத்துக்குச் சொந்தமான வண்டியானால் அவ்வெண்ணை டிரைவரின் ஞாபகத்தில் மட்டும் விட்டுவிடாமல், காரியதரிசியின் பொறுப்பில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். விற்கும்போது வாங்குபவரிடம் அதை மறவாமல் ஒப்படைக்க வேண்டும். பெயர் மாற்றத்தையும் அதே வாரத்தில் செய்து முடித்துவிட வேண்டும்.